காற்றையும் கணக்கில் சேர்ப்போம்

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நினைவுச் சொற்பொழிவு என்றால் ஒரு தலைவரைப் பற்றியோ ஒரு போராட்டத்தைப் பற்றியோ பேசுவதுதான் வழக்கம். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு பொறியாளரின் வாழ்க்கை. ராக்கெட்டின் பாதையைக் கணினியில் கணக்கிட்டவர், கடுமையாக உழைத்தவர், குடும்பத்தின் தோளில் ஏறி வந்தவர். 2018 ஜனவரி முதல் 2022 ஜனவரி வரை இஸ்ரோவின் தலைவராக இருந்த கே.சிவன்தான் அவர்.

அவர் நம் இயக்கத்தவர் அல்ல. அவர் சாதியைப் பற்றியதும் அல்ல என் பேச்சு. பள்ளி ஆண்டுவிழாக்களிலும் பயிற்சி மையங்களின் மேடைகளிலும் அவர் கதை திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. சொல்லி முடித்ததும் நம் பிள்ளைகளைப் பார்த்து, ‘அவரால் முடிந்தது, உன்னால் ஏன் முடியாது?’ என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் அவர் வாழ்க்கையிலேயே இருக்கிறது, அவர் செய்த வேலையிலேயே இருக்கிறது. அதை எடுத்துக் காட்டத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் வாழ்க்கை. கன்னியாகுமரி மாவட்டத்தில் நாகர்கோவிலை ஒட்டிய மேல சரக்கல்விளை என்ற சிற்றூரில் 1957 ஏப்ரல் 14 அன்று பிறந்தார். அண்ணல் பிறந்த அதே தேதி. தந்தை கைலாசவடிவு விவசாயி. சிவன் படித்தது அரசுப் பள்ளியில், தமிழ்வழியில். பொறியியல் படிக்க ஆசைப்பட்டபோது செலவு தாங்காது என்று தந்தை மறுத்துவிட்டார். நாகர்கோவில் இந்துக் கல்லூரியில் கணிதம் படித்தார். கல்லூரி வீட்டுக்கு அருகில் இருந்தால்தான் வகுப்பு முடிந்து வந்து வயல் வேலையில் கைகொடுக்க முடியும். பட்டம் முடிந்த பிறகு தந்தை மனம் மாறி, முன்பு தடுத்தேன், இனித் தடுக்க மாட்டேன், நிலத்தை விற்றாவது படிக்க வைக்கிறேன் என்ற பொருளில் சொன்னதாக சிவன் பேட்டியில் நினைவுகூர்ந்திருக்கிறார். அப்படித்தான் சென்னைக்கு வந்தார். அதுவரை வேட்டி கட்டியவர், கால்சட்டை போட்டது இங்கே வந்த பிறகுதான்.

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல் படித்து 1980இல் வெளியே வந்தார். படித்த துறையில் உடனே வேலை கிடைக்கவில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மேற்படிப்பு முடித்து 1982இல் இஸ்ரோவில் சேர்ந்தார். 2006இல் மும்பை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்றார். வேலையில் சேர்ந்து கால் நூற்றாண்டு ஆகப்போகும் நேரத்தில் முனைவர் பட்டம் வாங்குகிற மனிதரின் உழைப்பை யாரும் குறைத்துப் பேச முடியாது. நானும் பேசவில்லை.

ஆனால் இந்தக் கதையில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி அவர். அவருடைய சகோதரரும் இரண்டு சகோதரிகளும் வறுமையால் மேற்படிப்பைத் தொடர முடியவில்லை. ஒருவர் ஏற நான்கு பேர் ஏணியைப் பிடித்திருக்கிறார்கள். ஏணி நின்ற இடம் ஒரு துண்டு நிலம்.

அதே குரோம்பேட்டைக் கல்லூரிக்கு 1950களில் ராமேசுவரத்திலிருந்து ஒரு மாணவர் வந்தார். அப்துல் கலாம். சேர்க்கைக் கட்டணம் கட்டப் பணம் இல்லாதபோது அவருடைய அக்கா ஜோகரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். கலாமே தன் வரலாற்றில் இதை எழுதியிருக்கிறார். அந்தக் கல்லூரி உருவான கதையும் இப்படித்தான். சி.ராஜம் தம் வீட்டை விற்ற பணத்தைப் போட்டு 1949இல் தொடங்கிய கல்லூரி அது.

வீட்டை விற்றார், நிலத்தை விற்க முன்வந்தார், நகையை அடகு வைத்தார். மூன்றும் தியாகங்கள்தான். மூன்றிலும் பொதுவாக இருப்பது என்னவென்றால், விற்க ஒன்று இருந்தது.

இங்கேதான் நாம் நின்று கேட்க வேண்டும். விற்க எதுவுமே இல்லாத வீட்டின் பிள்ளை எதைப் பிடித்து ஏறுவது?

நம் மக்களுக்கு நிலம் இல்லாமல் போனது இயற்கை அல்ல. செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் ஆங்கில அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலம் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர். அதை மற்றவர்களுக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையும் இருந்தது. அந்த நிலம் பெருமளவு கைமாறிப் போனது. திரும்பக் கேட்டபோது 1994 அக்டோபரில் செங்கல்பட்டுப் பகுதிக் காரணையில் துப்பாக்கிச் சூடு நடந்து, ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்களைப் பறிகொடுத்தோம். மேல சரக்கல்விளையில் ஒரு தந்தை ‘நிலத்தை விற்கிறேன்’ என்று சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடியாதவர்களாக ஒரு மக்கள் கூட்டத்தையே ஆக்கி வைத்திருக்கிறது இந்தச் சமூகம்.

நிலம் கிராமத்துப் பிரச்சினை, நகரத்தில் எல்லோரும் ஒன்றுதானே என்று கேட்பவர்கள் மயிலாப்பூருக்கும் அடையாற்றுக்கும் நடுவே இருக்கும் ராஜா அண்ணாமலைபுரத்துக்குப் போய்ப் பார்க்கட்டும். பக்கிங்காம் கால்வாய் ஓரம் கோவிந்தசாமி நகரில் 2022 மே மாதம் வீடுகளை இடித்தார்கள். பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு நடந்துகொண்டிருந்த மாதம் அது. இடிப்பைத் தடுக்க அங்கே வாழ்ந்த ஒருவர் தீக்குளித்து இறந்தார். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரின் தெற்கு விளிம்பில் எழுந்த அடுக்குமாடிகளுக்கு இந்தக் கரையோரங்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் அனுப்பப்பட்டிருக்கின்றன. அம்மா வீட்டுவேலை செய்யும் இடம் மந்தைவெளியில், பிள்ளையின் பள்ளிக்கூடம் மயிலாப்பூரில், வீடு மட்டும் பெரும்பாக்கத்தில் என்றால், அந்தப் பிள்ளையின் உழைப்பில் பாதி பேருந்திலேயே போய்விடும். படிப்புக்கு மூளை மட்டும் போதாது. நாளைக்கும் அதே இடத்தில் இருக்கும் என்று நம்பிப் புத்தகத்தை வைக்க ஒரு பலகை வேண்டும்.

இனி, சிவன் செய்த வேலைக்கு வருகிறேன். மாணவர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும்.

சித்தாரா என்ற மென்பொருளை உருவாக்கியதில் தலைமைப் பங்கு அவருடையது. ராக்கெட் பறக்கும் பாதையை முன்கூட்டியே கணினியில் பறக்கவிட்டுப் பார்ப்பது அதன் வேலை. மேலே கீழே, முன்னே பின்னே, இடம் வலம் என்று இடம் மாறுவதில் மூன்று வகை அசைவு. தலையைத் தூக்குவது, பக்கவாட்டில் திரும்புவது, உருள்வது என்று சுழல்வதில் மூன்று வகை. இந்த ஆறையும் சேர்த்து, நொடிக்கு நொடி எரிபொருள் கரைந்து எடை குறைவது, உந்துவிசை மாறுவது, காற்று தள்ளுவது எல்லாவற்றையும் கணக்கிட்டுப் பாதை வரைகிறது அந்த மென்பொருள்.

இதோடு சேர்ந்த இன்னொரு பங்களிப்பையும் அவர் பெயரோடு சொல்வார்கள். ஏவும் நாளின் காற்றுக்கு ஏற்பப் பாதையைத் திருத்தும் முறை. ஸ்ரீஹரிகோட்டா கடற்கரையில் காற்று ஒருநாள் போல் ஒருநாள் இருக்காது. பருவமழைக் காலத்தில் மேலடுக்குகளில் வீசும் காற்று வேறு, கோடையில் வேறு. ராக்கெட் வேகம் பிடித்து அடர்ந்த காற்றைக் கிழித்துப் போகும்போது, பக்கவாட்டுக் காற்று அதன் உடலை வளைக்கப் பார்க்கும். அளவுக்கு மீறினால் ராக்கெட் முறிந்துபோகும். ஆகவே பலூன்களை மேலே அனுப்பி, எந்த உயரத்தில் எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் காற்று அடிக்கிறது என்று அளக்கிறார்கள். அந்த அளவுகளை நிரலில் கொடுத்து, காற்றின் அடி குறைவாக விழும்படி ராக்கெட் எப்படித் திரும்ப வேண்டும் என்பதை அன்றைக்கே மாற்றி எழுதுகிறார்கள். எந்தப் பருவத்திலும் ஏவ முடிகிறது என்றால் அதற்கு இந்தக் கணக்கு ஒரு காரணம்.

தோழர்களே, காற்றைக் கணக்கில் சேர்த்ததால் ராக்கெட்டின் தகுதி குறைந்துவிட்டது என்று எந்தப் பொறியாளராவது சொல்வாரா? ‘நல்ல ராக்கெட்டாக இருந்தால் எந்தக் காற்றிலும் தானாகப் போகட்டும், காற்றை அளப்பது சலுகை’ என்று யாராவது வாதாடுவாரா? காற்றை அளக்காமல் ஏவி, ராக்கெட் கடலில் விழுந்த பிறகு அதன் மீதே பழி போட்டால் அதற்கு அறிவியல் என்று பெயர் கிடையாது.

இட ஒதுக்கீடு என்பது காற்றைக் கணக்கில் சேர்ப்பதுதான். கல்வி உதவித்தொகை, விடுதி, வயது வரம்புத் தளர்வு எல்லாம் அதே கணக்கின் வரிகள். எதிர்க்காற்றில் ஏறி வந்த பிள்ளையையும் பின்காற்றில் மிதந்து வந்த பிள்ளையையும் ஒரே மதிப்பெண் கோட்டில் நிறுத்தி அளப்பது பிழையான கணக்கு. அண்ணல் இதை எப்போதோ புரிந்துகொண்டவர். 1942இல் வைசிராயிடம் அவர் கொடுத்த கோரிக்கை மனுவில் பட்டியல் சாதி மாணவர்களுக்கு அறிவியல், தொழில்நுட்பத்தில் உயர்கல்வி வேண்டும் என்பதைத் தனியாக வலியுறுத்தினார். கலைப்பாடமும் சட்டமும் மட்டும் போதாது என்பது அவர் வாதம். அவர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில், 1944இல், பட்டியல் சாதி மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகை தொடங்கியது. விற்க நிலமில்லாத வீட்டுக்கு அந்த உதவித்தொகைதான் நிலம். அடகு வைக்க நகையில்லாத அக்காவுக்கு அதுதான் வளையல். மாதங்கள் தள்ளி அது வரும்போது யார் யார் படிப்பை விட்டுப் போகிறார்கள் என்பதை இங்கே இருக்கும் மாணவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

மாம்பலத்தில் தாம்பரம் ரயில் ஏறினால், கிண்டிக்கு அருகே 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய பொறியியல் கல்லூரி. அதற்கு எதிரே, ஆளுநர் மாளிகைக் காட்டிலிருந்து எடுத்த நிலத்தில் 1959இல் வந்த ஐ.ஐ.டி. இன்னும் சில நிலையங்கள் தாண்டினால் குரோம்பேட்டை எம்.ஐ.டி. நாட்டின் பொறியியல் வரலாற்றில் ஒரு பெரும் பங்கு இந்த ஒரு தண்டவாளத்தின் ஓரத்தில் இருக்கிறது. அந்த வாசல்களில் நடந்த சண்டையும் நம் வரலாறுதான்.

சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணைப்படி கல்லூரிகளில் 14 இடங்களுக்கு 2 இடம் நம் மக்களுக்கு என்று இருந்தது. அதை எதிர்த்து வழக்குப் போட்ட இருவரில் ஒருவர் மருத்துவக் கல்லூரியை நாடியவர், மற்றவர் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் இடம் கேட்டவர். செண்பகம் துரைராஜன் வழக்கு என்று நாம் சொல்லும் அந்தத் தீர்ப்பில் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. தமிழகம் கொதித்தது. அதே ஆண்டு முதல் அரசியல் சட்டத் திருத்தம் வந்து 15(4) பிறந்தது. வாசல் மூடியது, திறந்தது. திறந்தது தானாக அல்ல.

அடுத்த வாசல் இன்னும் நெருக்கமானது. 1992 நவம்பர் 16 அன்று வந்த மண்டல் தீர்ப்பை நாம் வெற்றி என்று கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அந்தத் தீர்ப்பின் உள்ளே ஒரு பட்டியல் இருக்கிறது. எந்தெந்தப் பதவிகளுக்கு இட ஒதுக்கீடு உகந்ததாக இருக்காது என்று எடுத்துக்காட்டாகச் சொல்லும் பட்டியல். அதில் ஒன்று, அணுசக்தி, விண்வெளித் துறைகளின் விஞ்ஞானிகள், தொழில்நுட்பப் பணியாளர்கள். காற்றை அளக்காமல் ராக்கெட்டை ஏவக்கூடாது என்று தெரிந்த துறையில், ஆட்களை எடுக்கும்போது மட்டும் காற்றை அளப்பது நல்லதல்ல என்று நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் கருதியிருக்கிறது. இதைவிட முரண் வேறென்ன இருக்கிறது?

விண்வெளியில் பிழை நடந்தால் உயிர் போகும், அதனால் தகுதி மட்டுமே பார்க்க வேண்டும் என்பார்கள். அமெரிக்காவைப் பாருங்கள். கறுப்பினத் தலைவர் ஃபிலிப் ராண்டால்ஃப் வாஷிங்டனை நோக்கிப் பேரணி நடத்துவேன் என்று அறிவித்ததால், 1941இல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் ராணுவத் தளவாடத் தொழிலில் இனப்பாகுபாட்டைத் தடைசெய்து ஆணையிட்டார். அந்தக் கதவு திறந்த பிறகு 1943இல் லாங்லி வானூர்தி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தவர் டாரத்தி வாகன். பள்ளி ஆசிரியை, பிள்ளைகளின் தாய். கறுப்பினப் பெண்களைத் தனிக் கட்டடத்தில் உட்கார வைத்துக் கையால் கணக்குப் போட வைத்தார்கள். 1949இல் அந்தப் பிரிவின் தலைவியானார். இயந்திரக் கணினிகள் வந்தபோது ஃபார்ட்ரான் மொழியைத் தானே கற்று, தன்னோடு இருந்த பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தார். ஆய்வுக்கூடம் நாசாவின் கீழ் வந்த 1958இல்தான் அந்தத் தனிப்பிரிவு ஒழிந்தது. இந்தப் பெண்களால் அமெரிக்க ராக்கெட் எதுவும் கீழே விழவில்லை. பாகுபாட்டைச் சட்டத்தால் தடுத்த பிறகுதான் அந்தத் திறமை ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே வந்தது.

இன்னொன்றையும் சிவன் வாழ்க்கையிலிருந்து கற்க வேண்டும். அதற்குத் தோற்கும் உரிமை என்று பெயர் வைக்கிறேன்.

பி.எஸ்.எல்.வி. முதன்முதலில் 1993 செப்டம்பர் 20 அன்று ஏவப்பட்டுத் தோற்றது. காரணங்களில் ஒன்று கட்டுப்பாட்டு மென்பொருளில் இருந்த பிழை. அடுத்த ராக்கெட்டுக்குப் பணம் வந்தது. 1994 அக்டோபரில் வென்றது. ஜி.எஸ்.எல்.வி. 2010இல் மட்டும் இரண்டு முறை தோற்றது. அதன் திட்ட இயக்குநராக சிவன் பொறுப்பேற்று, உள்நாட்டுக் கிரையோஜெனிக் எஞ்சினோடு 2014 ஜனவரி 5 அன்று வெற்றி பெற்றார். 2019 செப்டம்பர் 7 அதிகாலையில் விக்ரம் தரையிறங்கும் கலம் நிலவில் மோதி உடைந்தபோது சிவன் கண்ணீர் விட்டார். பிரதமர் அணைத்துத் தேற்றியதை நாடே பார்த்தது. 2023 ஆகஸ்ட் 23 அன்று அடுத்த கலம் பத்திரமாக இறங்கியது.

ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் ஒரு குழு உட்கார்ந்து, எந்த நொடியில் எது தவறியது என்று கேட்டது. ‘இந்த ராக்கெட்டுக்குத் தகுதி இல்லை’ என்று எழுதி முடித்துக்கொள்ளவில்லை. நல்ல நிறுவனம் அப்படித்தான் இருக்க வேண்டும்.

நம் வீட்டு முதல் தலைமுறை மாணவர் முதல் பருவத் தேர்வில் ஒரு தாள் தவறினால் என்ன நடக்கிறது? எந்த வகுப்பில், எந்த மொழியில், எந்தப் பசியில் தவறியது என்று கேட்க ஒரு குழு உட்காருகிறதா? ‘கோட்டாவில் வந்தது’ என்ற ஒரே வரியில் விசாரணை முடிந்துவிடுகிறது. ரோகித் வெமுலா கார்ல் சாகனைப் போல அறிவியல் எழுத்தாளராக ஆசைப்பட்டவர். மாதக்கணக்கில் உதவித்தொகை வராமல், விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு, 2016 ஜனவரி 17 அன்று ஹைதராபாத்தில் உயிரை மாய்த்துக்கொண்டார். விண்மீன்களை நேசித்த பிள்ளையை யாரும் அணைத்துத் தேற்றவில்லை. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தாள் தவறுவது முடிவல்ல. ராக்கெட்டுக்குக் கிடைத்த இரண்டாவது வாய்ப்பு உங்கள் உரிமை. தனியாக உட்கார்ந்து தாங்க வேண்டாம், எங்களிடம் வாருங்கள்.

‘குடும்பஸ்தர்’ என்ற சொல்லையும் பார்த்துவிடுவோம். வசதியான வீட்டில் அதற்கு மனைவி, மக்கள், மாலையில் கடற்கரை என்று பொருள். நம் தெருவில் முதலில் வேலைக்குப் போன பொறியாளருக்கு அது வேறு. முதல் சம்பளத்தில் அப்பாவின் கடன், இரண்டாவதில் தங்கையின் கல்லூரிக் கட்டணம், மூன்றாவதில் பெரியம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவு. அவர் தனி ஆள் அல்ல, ஒரு தெருவின் வங்கி. பக்கத்து இருக்கையில் அதே சம்பளம் வாங்குபவர் அடையாற்றில் வீடு வாங்கும்போது இவர் வாடகை கட்டிக்கொண்டிருப்பார். இவருக்குச் சிக்கனம் தெரியாது என்று சொல்வார்கள். அதுவும் அளக்கப்படாத காற்றுதான்.

அந்த வீட்டுக்குள்ளேயும் ஒரு கணக்கு இருக்கிறது. கலாமுக்கு அக்கா, சிவனுக்கு சகோதரிகள். ஆண் ஏறிய ஒவ்வொரு ஏணியின் அடியிலும் ஒரு பெண்ணின் படிப்போ நகையோ கிடக்கிறது. நம் வீடுகளில் மட்டும் இது வேறா? தம்பிக்காக எட்டாம் வகுப்போடு நின்ற அக்காவை ‘தியாகி’ என்று புகழ்ந்து முடித்துவிடாதீர்கள். அவருக்கும் வானூர்திப் பொறியியல் வந்திருக்கும்.

முடிவாக, இது இலக்கிய மன்றம் என்பதால் எழுதுகிறவர்களுக்கு ஒன்று, இயக்கத்தவருக்கு ஒன்று.

எழுதுகிறவர்களே, சேரியையும் வயலையும் நாம் எழுதிவிட்டோம். விடுதி அறையை, நேர்முகத் தேர்வு அறையை, நிரல் எழுதும் மேசையை, அங்கே சாதி கேட்கப்படும் நாசூக்கை இன்னும் போதிய அளவு எழுதவில்லை. உங்கள் ஊரில் முதலில் பொறியாளரான ஒருவரைத் தேடிப் போங்கள். அவர் மதிப்பெண்ணை மட்டும் கேட்காதீர்கள். யார் நின்றார்கள், எது விற்கப்பட்டது, எந்த உதவித்தொகை எந்த மாதம் வந்தது என்று கேட்டு, முழுக் கணக்கையும் எழுதுங்கள்.

தோழர்களே, உதவித்தொகை தாமதமாகும் ஒவ்வொரு கல்லூரியிலும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். எந்த ஆய்வு நிறுவனத்தில், எந்தப் படிநிலையில் நம்மவர் எத்தனை பேர் என்று கேளுங்கள். இடிப்பு ஆணை வந்தால் தேர்வுக்காலம் முடியும்வரை ஒரு வீட்டையும் தொட விடாதீர்கள். 1992 தீர்ப்பின் அந்தப் பட்டியலை மறுபரிசீலனை செய்யக் கோருங்கள். அது கல்லில் வெட்டியது அல்ல.

உழைப்பை நாம் எப்போதும் மதிக்கிறோம், இந்த நகரத்தைக் கட்டியதே நம் உழைப்பு. உழைத்தால் உயரலாம் என்று யாராவது சொன்னால் மறுக்க வேண்டாம். ‘சரி, காற்றை அளந்தீர்களா?’ என்று மட்டும் கேளுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்.